மாடிக்குக் காப்பு இல்லை

விழுப்புரத்தில் இருந்த வருஷங்களில் என் காதுக்கு மட்டும் எந்தக் குறையும் இருந்ததில்லை. பகலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெளியூர்க் கால்களை இணைக்கிற டிரங்க் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்கு வந்தால் என் ஜன்னலுக்கு நேர் எதிரே, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர். அம்மன் கோயில் கமிட்டிக்கு மைக் செட் போடுகிறவருடைய குழாய் அது. சித்திரை பிறந்ததும் மரத்தில் ஏறும். திருவிழா முடிந்துதான் இறங்கும். ஊர்ச் சேதியெல்லாம் பகலில் கம்பி வழியாகவும் சாயங்காலம் குழாய் வழியாகவும் என் காதில் வந்து கொட்டும். வாய்க்குத்தான் வேலை கிடையாது. "நம்பர் சொல்லுங்க", "லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்ற இரண்டையும் தவிர வேறொரு வார்த்தை பேசாமல் படுத்துத் தூங்கிய நாட்கள் எத்தனையோ உண்டு.

எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்தேழு வயது, கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டவர்களுக்கு நான் அப்போதும் பதில் சொன்னதில்லை, இப்போதும் சொல்வதாக இல்லை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் ஒருவன் குடும்பத்தோடு அங்கே இருந்தான். மாற்றலில் விழுப்புரம் வந்த நான், ரயில் ஸ்டேஷனுக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு தெருவில் மாடி அறை எடுத்துக்கொண்டேன். கீழே வீட்டுக்காரம்மா இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகளைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அவர் என்னை "டெலிபோனம்மா" என்று கூப்பிடுவார். அதையே தெருவும் பிடித்துக்கொண்டது. எனக்கு வேறு பெயர் இருப்பது அங்கே யாருக்காவது தெரியுமா என்பதே சந்தேகம்.

கோடையில் அந்தக் குழாய்க்கு ஓய்வே கிடையாது. மைக் செட்டுக்காரருக்குச் சேதி சொல்வதென்றால் அவ்வளவு ஆசை. "குழாயில தண்ணி வர்ற நேரம் மாறிப்போச்சி, இனிமே விடிய காலையிலதான் வரும். கொடத்த வெச்சி எடம் புடிச்சிட்டு வூட்டுக்குப் போய்ட்றவங்க, கொடம் காணம்னு கமிட்டிகிட்ட வரக் கூடாது." அடுத்து, "மோர்ப் பந்தல்ல தம்ளரு கொறையுது. எடுத்துக்கினு போனவங்க யாருன்னு தெரியும், சொல்ல மாட்டோம், தானா கொண்டாந்து வெச்சிடுங்க." பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்றைக்கு, "பேப்பரு டீக்கடைக்கி வந்திட்டுது. பாஸானவங்க அம்மன் கோயிலுக்குப் போங்க. ஃபெயிலானவங்க நேரா வூட்டுக்குப் போங்க. எவனாச்சும் ரயில் ரோட்டுப் பக்கம் போனீங்க, காலை ஒடச்சிடுவேன்!" பனமலைக்குப் போகிற வேனில் எத்தனை இடம் இருக்கிறது, யார் வீட்டு ஆடு யார் வீட்டுக் கருவேப்பிலைச் செடியைத் தின்றது, எல்லாம் வரும். எதற்காவது மைக்கில் கூப்பிட்டால் யாராவது ஓடி வருவார்கள். என்னை ஒருநாள் அப்படிக் கூப்பிட்டால் என்னவாம் என்று ஜன்னலோரம் உட்கார்ந்து நினைத்திருக்கிறேன். காணாமல் போனவர்களோடு சேர்த்தாவது சொல்லித் தொலைக்கட்டுமே!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் ஒருவரை ஒருவர் திட்டாமல் பொழுது போகாது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் வரிசைக்காக ஒருத்தியை ஒருத்தி வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். சாயங்காலம் ஒரே முறத்தில் மல்லாட்டை என்று அங்கே சொல்கிற நிலக்கடலையை உரித்துக்கொண்டு சிரிப்பார்கள். என் குடத்தைக் கண்டால் மட்டும் அத்தனை பேரும் விலகிக்கொள்வார்கள். "நீங்க புடிச்சிக்கினு போங்கம்மா, வேலைக்கிப் போறவங்க." அந்த மரியாதையைக் கேட்டாலே எனக்கு எரிச்சலாக வரும். ஏன்டி முந்துகிறாய் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்றிருக்கும். கேட்டால் நானும் சும்மாவா இருப்பேன்? எங்கள் ஊர்ப் பேச்சில் நாலு திருப்பிக் கொடுத்திருக்க மாட்டேனா? ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்தது அங்கே என்னுடைய மூன்றாவது கோடையைப் பற்றி.

அந்த வருஷம் தீமிதித் திருவிழாவுக்குக் காப்பு கட்டினார்கள். தீ மிதிக்க நேர்ந்துகொண்டவர்களுக்கு மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, தெரு முனையில் குறுக்கே வேப்பிலைத் தோரணம். கட்டி முடித்ததும் மைக்கில் கட்டளை வந்தது. "இன்னியிலேர்ந்து தீமிதி முடியற வரைக்கும் தெருவாளுங்க யாரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. பகல்ல எங்க வேணாப் போங்க, பொழுது போனா தோரணத்துக்கு உள்ள வந்திடணும். இது எல்லாருக்கும் பொது. கமிட்டிக்காரங்களுக்கும் சேத்துதான் சொல்றேன். அப்பறம் தெரியாதுன்னு எவரும் பேசக் கூடாது!"

எல்லாருக்கும் பொது என்று சொல்லிவிட்டார். எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். முந்திய இரண்டு கோடைகளிலும் அதே கட்டளை வந்திருக்கும். நைட் டியூட்டியில் இருந்தேனோ, கவனிக்கவில்லையோ, தெரியாது. இந்த முறை பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலையில் மாடிப்படி முழுக்கக் கழுவிக் கோலம் போட்டேன். என் அறை வாசலுக்கும் ஒரு கொத்து வேப்பிலை செருகினேன். முட்டையும் கருவாடும் வாங்குவதை நிறுத்தினேன். எக்ஸ்சேஞ்சில் பக்கத்து சீட்டுக்காரி நைட் டியூட்டி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டாள். "எங்க தெருவுல காப்புக் கட்டியிருக்கு, ராத்திரி வெளிய இருக்கக் கூடாதுடி" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் குரலில் இருந்த பெருமை எனக்கே கேட்டது.

அந்த வாரத்தில்தான் அண்ணன் எக்ஸ்சேஞ்சுக்கு போன் போட்டு என்னைக் கூப்பிட்டான். வருஷத்துக்கு ஒருமுறை அந்த வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தால் அதிகம்.

"ஏ பிள்ள, வெள்ளிக்கிழமை மூத்தவளுக்குக் காதுகுத்து. அத்தைக்காரி நீ இல்லாம எப்படி? வியாழக்கிழமை ரயிலேறிரு."

"வர முடியாதுண்ணே. எங்க தெருவுல காப்புக் கட்டிட்டாவ. வெளியூர்ல ராத்தங்கக் கூடாது."

லைன் கட்டாகிவிட்டதோ என்று சுவிட்சைத் தட்டிப் பார்த்தேன்.

"எங்க தெருவா? கோட்டி பிடிச்சிருக்கா உனக்கு? வாடகைக்கு ஒரு ரூம்பு எடுத்துக்கிட்டு, எங்க தெருங்க?"

"எல்லாருக்கும் பொதுன்னு மைக்குலயே சொல்லியாச்சுண்ணே."

"சரி, உன் இஷ்டம். உன் மைக்கைக் கட்டிக்கிட்டு அழு" என்று வைத்துவிட்டான்.

எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. அண்ணன் மகள் என்மேல் ஒட்டுதலாக இருப்பாள். போனால் ரெண்டு நாள் கழுத்தைக் கட்டிக்கொண்டே திரிவாள். இருந்தாலும் தெருக் கட்டுப்பாட்டுக்காகச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தை விட்டவள் என்பது ஒரு தகுதி மாதிரி எனக்குப் பட்டது. வீட்டுக்காரம்மாவிடம் சொல்லலாம் என்று கீழே போனேன். அவர் கையில் மஞ்சள் கயிறோடு, மஞ்சள் புடவையில், கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சொல்லாமலே மேலே வந்துவிட்டேன்.

அவர் தீ மிதிக்க நேர்ந்துகொண்டது மகளுக்காக. மகள் நிறைமாசம். இதற்கு முன் ஒன்று பிறந்து தங்கவில்லை. முறைப்படி மகளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்திருக்க வேண்டும். ஆனால் காப்பு கட்டிய தெருவுக்குள் குழந்தை பிறந்தால் கோயிலுக்கே தீட்டு என்று, தீமிதி முடிந்த மறுநாள் அழைத்துக்கொள்ளலாம் என்று திண்டிவனத்திலேயே விட்டிருந்தார்கள். அங்கே அவளுக்கு மாமியார் இல்லை. புருஷன் லாரி ஓட்டுகிறவர். நாள் இருக்கிறது என்ற நம்பிக்கையில் எல்லாரும் இருந்தார்கள். குழந்தைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா?

தீமிதிக்கு முதல் நாள் எனக்குக் காலை ஷிப்ட். திண்டிவனத்திலிருந்து பி.பி. கால் ஒன்று வந்தது. பி.பி. கால் என்றால், போன் இருக்கிற வீட்டுக்கோ கடைக்கோ கூப்பிட்டு, பேச வேண்டிய ஆளை வரவழைத்துத் தரும்வரை நாங்கள் லைனைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். கேட்ட நம்பர் எங்கள் தெரு மளிகைக் கடை. கேட்ட ஆள் எங்கள் வீட்டுக்காரம்மா. கடைக்காரர், "இருங்க, மைக்குல சொல்லி வர வெக்கிறேன்" என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அந்தப் பக்கத்தில் காத்திருந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. நான் யார் என்று தெரியாமலே என்னிடம் கொட்டினாள்.

"ஏம்மா, ஜல்தி வரச் சொல்லும்மா. பொண்ணுக்கு வலி கண்டுட்டுது, ஆஸ்பத்திரில சேத்துட்டேன். பக்கத்து வூட்டுக்காரி நானு. எனக்கும் கைக்கொழந்த, ராத்திரிக்கி கூட இருக்க முடியாது."

"இதோ வந்துருவாங்கம்மா, லைன்ல இருங்க" என்றேன். அப்போது, கீழே கிடந்த ரிசீவர் வழியாக, தூரத்தில் எங்கள் தெருக் குழாய் பேசுவது என் ஹெட்போனில் கேட்டது. வீட்டுக்காரம்மாவை உடனே மளிகைக் கடைக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டது. என் ஜன்னலுக்கு எதிரே கத்துகிற குழாய், நான் இல்லாத அறையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. எனக்கு என்னவோ போல் இருந்தது. ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டதும், இருவரையும் இணைத்துவிட்டு என் சுவிட்சை மூடினேன். பேசத் தொடங்கிவிட்டால் ஆபரேட்டர் கேட்கக் கூடாது என்பது விதி.

ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போனபோது வீட்டுக்காரம்மா மாடிப்படியின் அடியில் நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் நிற்கிறார் என்று புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று; அப்படி அவர் நின்றதே இல்லை.

"டெலிபோனம்மா, ஒரு ஒத்தாச பண்ணணும்ங்க. பொண்ணு ஆஸ்பத்திரில கெடக்குது. மருமவன் லோடு ஏத்திக்கினு பம்பாய் பக்கம் போயிருக்காரு. கூட ஆளில்ல. என் கையில காப்பு. தெருவுல யாரும் ராத்தங்க முடியாது. நீங்க போய் ஒரு ராத்திரி இருந்துட்டு வர்றீங்களா?"

"எனக்கும் அந்தக் கட்டுப்பாடு உண்டுல்லாக்கா?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குப் புரியாமல்தான் கேட்டேன்.

அவருக்கு நான் எதைச் சொல்கிறேன் என்றே தெரியவில்லை. புரிந்ததும் அந்தக் கவலையிலும் முகம் இளகியது. "ஐயே, உங்களுக்கின்னா காப்பு? நீங்கதான் தெரு ஆளு இல்லியே! வாடகைக்கி இருக்கறவங்களுக்கு அதெல்லாம் இன்னா வந்திச்சி? பயப்படாம போய்ட்டு வாங்க" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. படியில் போட்ட கோலம், வாசலில் செருகிய வேப்பிலை, அண்ணனிடம் அடித்த பெருமை எல்லாம் ஒரு நிமிஷத்தில் கண் முன்னால் வந்து போயின. எனக்கு எரிந்தது. போக மாட்டேன், வாடகைக்காரிக்கு உங்கள் வீட்டுப் பிரசவத்தில் என்ன வேலை என்று கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தபடி காப்புக் கயிற்றைத் திருகிக்கொண்டிருந்தார். "ஒரு புடவை எடுத்துக்கிட்டு வந்திர்றேங்கா" என்றேன்.

நான் புடவையோடு இறங்கி வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "நல்லதோ கெட்டதோ, நாளைக்கி நான் தீயில எறங்கி ஏர்ற வரைக்கும் எங்கிட்ட சொல்லக் கூடாதுங்க. கொழந்த பொறந்த சேதி காதுல வுழுந்தா அந்த நிமிஷத்துலேர்ந்து தீட்டு. தீட்டோட மிதிக்கக் கூடாது. நேர்ந்துக்கினது முறிஞ்சிட்டா அந்தப் புள்ளைக்கி…" பிறகு, "கையாலயும் காட்டக் கூடாது. மூஞ்சியிலயும் காட்டக் கூடாது" என்றார்.

"காட்ட மாட்டேங்கா. சேதியைக் கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கதுதான் என் உத்தியோகமே" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிக்கிற நிலையா?

திண்டிவனம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அக்னி நட்சத்திர வெயில். எல்லார் முகமும் வேர்வையில் நனைந்திருந்ததால் யாருக்கும் தெரிந்திருக்காது. காதுகுத்தில் அண்ணன் மகள் அழுதாளோ, அத்தை எங்கே என்று கேட்டாளோ என்று நினைக்க நினைக்க ஆற்றாமையாக வந்தது. யார் கேட்டார்கள் என்னை விரதம் இருக்கச் சொல்லி? கூப்பிட்ட இடத்துக்குப் போகவில்லை. கூப்பிடாத இடத்தில் போய் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். மல்லாட்டை விற்கிறவன் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்து நகர்ந்து போனான்.

ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டுப் பெண் என்னை உட்காரவைத்துவிட்டு, விடிந்ததும் வருவதாகச் சொல்லிக் கிளம்பினாள். மகள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் மாடிக்கு வந்து என் ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான் பழக்கம். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

"யக்கா, நீங்களா! எப்டிக்கா வந்தீங்க? தெருவுல காப்பு கட்டியிருக்காங்களே! ராத்தங்குனா சும்மா வுட மாட்டாங்களே உங்கள!"

நான் அவள் முகத்தையே பார்த்தேன். கிண்டல் செய்யவில்லை. வலியிலும் அவளுக்கு நிஜமாகவே பயம், என்னைத் தெரு என்ன சொல்லுமோ என்று. அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள்; கட்டுப்பாடு தெரிந்தவள். அவள் கணக்கில் நான் தோரணத்துக்கு உள்ளே இருந்தேன். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை.

"திட்டத்தான் செய்வாக. திட்டட்டும்" என்றேன்.

"மைக்குலயே போட்டு கிழிக்கப் போறாங்க பாருங்க" என்று சிரித்தாள். அடுத்த வலி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது விட்டதும், "இன்னா இன்னா திட்டுனாங்கன்னு வந்து எனக்குச் சொல்லணும், ஆமா" என்றாள்.

"சொல்லுதேன், சொல்லுதேன். நீ மூச்சை விடு முதல்ல."

பொழுது விடிகிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சத்தம். என் பழைய நூல் புடவையைக் கிழித்துத்தான் சுற்றினோம். குழந்தையை முதலில் கையில் வாங்கியது நான். சொந்தம் இல்லாத என் கையில் அது கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகக் கிடந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அத்தனை பெரிய சேதியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லக் கூடாதென்று கட்டளை.

விடிந்ததும் வருவதாகச் சொன்ன பக்கத்து வீட்டுப் பெண் மத்தியானம்தான் வந்தாள்; அவள் வந்ததும் கிளம்பினேன். தீமிதி பார்க்கிற கூட்டத்தில் பஸ் தேர் மாதிரி ஊர்ந்தது. தெரு முனைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தோரணத்துக்குக் கீழே கயிறு கட்டி, கையில் மஞ்சள் துணி சுற்றிய ஆட்கள் நின்றார்கள். "வெளியூர் ஆளுங்கல்லாம் கயித்துக்கு அந்தாண்ட நில்லுங்க, அந்தாண்ட!" என்று ஒருவர் என்னையும் சேர்த்துத் தள்ளினார். இரண்டு நாளைக்கு முன்னால் என்றால் சண்டை பிடித்திருப்பேன். பேசாமல் அந்தப் பக்கமே நின்றேன்.

கயிற்றுக்கு உள்ளே, தீக்குழியில் நெருப்பைப் பரப்பி விசிறிக்கொண்டிருந்தார்கள். அந்த அனல் என் முகம் வரை வந்தது. குழிக்கு அந்தப் பக்கத்தில் மஞ்சள் துணியில் வரிசையாக நின்றவர்களில் வீட்டுக்காரம்மாவைக் கண்டுபிடித்தேன். அவரும் என்னைத் தேடியிருக்க வேண்டும். பார்த்துவிட்டார். பம்பைச் சத்தம், மைக் சத்தம், அத்தனை ஜனம். அவர் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ சாவுச் சேதியும் கல்யாணச் சேதியும் கேட்டுவிட்டு முகம் மாறாமல் அடுத்த நம்பரைப் போட்டவள் நான். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. சிரித்தால் அவருக்குச் சேதி தெரிந்துவிடும். சிரிக்காவிட்டால் அவர் என்ன நினைப்பார்? முன்பு போனது மாதிரி இதுவும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு அந்த நெருப்பில் இறங்குவாரே! வாயின் ஓரம் தானாக இழுத்தது. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டேன். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கண்ணை மூடி, "தாயே!" என்று கத்திக்கொண்டு இறங்கினார். அவர் ஓடிக் கடந்து மறுமுனையில் பால் ஊற்றியிருந்த குழியில் கால் வைக்கும்வரை எனக்கு மூச்சே இல்லை.

கயிற்றைக் குனிந்து கடந்து ஓடினேன். யாரோ கத்தினார்கள், காதில் வாங்கவில்லை. "பொம்பளப் பிள்ளக்கா! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க! நல்லா இருக்காங்க!" என்றேன். அவர் என் தோளைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது. அதற்குள் அதே தெருவில் இருந்த அவருடைய கொழுந்தனார் வீட்டார் எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். "கொஞ்சம் தள்ளுங்கம்மா, காத்து வரட்டும்" என்று யாரோ என்னை ஒதுக்கினார்கள். நான் ஒதுங்கி நின்றேன். கொஞ்ச நேரத்தில் குழாய் பேசியது. வீட்டைச் சொல்லி, பேத்தி பிறந்திருக்கிறாள், தாயும் பிள்ளையும் சௌக்கியம், அம்மன் கொடுத்த குழந்தை என்றது. "அந்த வூட்டுக்கு இப்பலேர்ந்து தீட்டு, தெருவாளுங்க தெரிஞ்சிக்குங்க" என்று முடித்தது. என்னிடம் இருந்த சேதி அத்தோடு எல்லாருடையதும் ஆகிவிட்டது.

மறுநாள் விடியலில், காப்பை அவிழ்த்துவிட்ட கையோடு வீட்டுக்காரம்மா குடும்பமாகத் திண்டிவனம் கிளம்பினார். கிளம்புமுன் மாடிக்கு ஏறி வந்தார். நான் அங்கே குடிவந்ததிலிருந்து அவர் ஏறி வந்தது அன்றைக்குத்தான். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஒரு தூக்குவாளியை நீட்டினார். அன்றைக்குக் கொடி இறக்கம். தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் கோயிலில் பொங்கல் கொடுப்பார்கள்.

"எங்க வூட்டுப் பங்க வாங்காம வுட்டா நல்லதில்லீங்க. எங்களுக்குத் தீட்டு, கோயில் வாசப் பக்கமே போவக் கூடாது. நீங்கதான் எங்க ஆளு இல்லியே, உங்களுக்குத் தீட்டு கெடையாது. வாங்கி நீங்களே சாப்புடுங்க."

மறுபடியும் அதே வார்த்தை. இந்த முறை எனக்குக் கோபம்கூட வரவில்லை, வெறும் அலுப்புதான் வந்தது. தூக்கை வாங்கிக்கொண்டேன்.

உச்சிவேளையில் கோயிலுக்குப் போய் வரிசையில் நின்றேன். வரிசை முழுக்கக் குழாயடிப் பெண்கள். பொங்கல் போட்டுக்கொண்டிருந்த கமிட்டிக்காரர் என் முறை வந்ததும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, "எந்த வூடு?" என்றார். வீட்டைச் சொன்னேன்.

கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "தே, அது தீட்டு வூடாச்சே! யாரு உன்ன இங்க வரச் சொன்னது?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குழாயடியில் எனக்கு எப்போதும் வழிவிடுகிறவள்தான் முதலில் ஆரம்பித்தாள். "மைக்குல அத்தினி தபா சொன்னாங்களே, காதுல வுழல? பிரசவம் பாத்துட்டு வந்த கையோட கோயில் வாசலுக்கு வர்லாமா? நம்ம தெருவுல இருந்துக்கினு இதுகூடத் தெரியாதா உனக்கு?"

"படிச்ச பொண்ணு, பேஜாரு பண்ணுது பாரு! தூக்கை எடுத்துக்கினு போ அப்பால! இந்த அண்டா பொங்கலையே கெடுத்துட்டிருப்பா!"

"வூட்டுப் பெரியவங்க இல்லன்னா ஆட்டம் போட்றதா? வரட்டும் அவங்க, சொல்றேன்!"

நான் வாடகைக்கு இருக்கிறவள், எனக்குத் தீட்டு இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உடனே அத்தனை பேரும் ஐயோ பாவம் என்று விலகி, "நீங்க வாங்கிக்கினு போங்கம்மா" என்று வழி விட்டிருப்பார்கள். நெய் மணக்கிற பொங்கல். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"தெரியாம வந்துட்டேன்கா. தப்புத்தான்" என்றேன்.

"தெரியாமயாமே, தெரியாம!" என்று அவள் அதற்கும் சேர்த்துத் திட்டினாள். தெரு முனை வரைக்கும் அவள் குரல் பின்னாலேயே வந்தது. நான் காலித் தூக்கை ஆட்டிக்கொண்டு, மெதுவாக, முழுசாகக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. மாடியில் வேப்பிலை காய்ந்து சுருண்டிருந்தது. பழைய சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிரே மைக் செட்டுக்காரர் மரத்தில் ஏறிக் குழாயை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா நீ, நான் நேத்து மைக்குல அப்டி கத்துனனே, கேக்கலியா?" என்றார்.

"கேட்டுச்சுண்ணே."

"கேட்டுக்கினுமா போன? சரிதான் போ!" என்று தலையில் அடித்துக்கொண்டு, குழாயோடு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு தெருவில் ஒரு சத்தமும் இல்லை. அந்தக் கோடை முடிந்துபோயிற்று. எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும் போல அடித்துக்கொண்டது. சொல்ல ஆள்தான் இல்லை. சாப்பிட்ட தட்டையும், ஒன்றும் வாங்காத அந்தத் தூக்கையும் சேர்த்துத் தேய்த்துக் கவிழ்த்தேன். ஒவ்வொருத்தியும் என்ன சொல்லித் திட்டினாள் என்பதை மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன், ஒரு வார்த்தையும் விட்டுப்போகக் கூடாது என்று. திண்டிவனத்திலிருந்து குழந்தையோடு அவள் வந்ததும் கேட்பாள்.